பழைய ஹெச்.சி. புகைக்குண்டுகளைப் பயிற்சியில் தீர்த்துவிடலாமா?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். காவலர் பயிற்சி ஒத்திகைகளை நடத்தும் பொறுப்பு புதிதாக உங்களிடம் வந்திருக்கிறது. கையிருப்பில் இரண்டு வகைப் புகைக்குண்டுகள் இருக்கின்றன. 'பயிற்சிக்கு' என்று அச்சிட்டவை கொஞ்சம், 'ஹெச்.சி.' என்று எழுதிய பழைய கேன்கள் கொஞ்சம். இரண்டிலும் கண்ணீர்ப்புகை மருந்து இல்லை, வெறும் வெள்ளைப் புகைதான். அப்படியானால் பழையதை வீணாக்காமல் ஒத்திகையிலேயே கொளுத்தித் தீர்க்கலாமா, காலிக் கட்டடத்துக்குள் அறை சோதனைப் பயிற்சிக்கும் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இது சரக்குக் கணக்கு மாதிரி இருக்கிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, கண்ணை எரிக்காத புகை தீங்கில்லாத புகைதானா என்பது. இல்லை என்பது என் பதில். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை நீளம்.

நான் வேதியியல் படித்தவன். பிறகு பல ஆண்டுகள் இதே மாதிரி ஒத்திகைகளில் பாதுகாப்புப் பொறுப்பாளராக நின்றிருக்கிறேன். மருத்துவர் இல்லை. ஆகவே யாருக்காவது ஏற்கெனவே மூச்சுத் தொல்லை இருந்தால் அதை இந்தப் பதிலை வைத்து முடிவு செய்யாதீர்கள், நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் புகை எப்படி மறைக்கிறது என்பது. திரை போட்டது போல அது ஒளியை 'அடைத்து' வைப்பதில்லை. காற்றில் மிதக்கும் கோடிக்கணக்கான நுண்துகள்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). துகளின் அளவும் அதே வாக்கில் இருக்கும்போதுதான் சிதறல் பலமாக இருக்கும். நல்ல மறைப்புப் புகை என்றால் அது ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவுத் துகள்களின் மேகம் என்று பொருள். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அந்த அளவுத் துகளை மூக்கு முடியும் தொண்டையும் தடுத்து நிறுத்துவதில்லை; அது நுரையீரலின் ஆழம் வரை போகும். நன்றாக மறைக்கும் எந்தப் புகையும் நன்றாக உள்ளே போகும் புகைதான். அதனால் புகை எதனால் ஆனது என்ற கேள்வி முக்கியமாகிறது.

இப்போது உங்கள் பழைய கேன்கள். ஹெச்.சி. என்பது ஹெக்ஸாகுளோரோஈத்தேனைக் குறிக்கும். அதோடு துத்தநாக ஆக்சைடும் சேர்ந்த அந்தக் கலவை எரியும்போது வெளியே வருவது பெரும்பாலும் துத்தநாகக் குளோரைடு. குழாய் பற்றவைக்கிறவர்கள் இணைப்பில் தடவும் அமிலத் திரவத்தில் இருக்கும் அதே பொருள்தான். அது தோலில் பட்டாலே அரிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பெருகும் குணம் அதற்கு உண்டு. அதனால்தான் மறைப்புப் புகையாக அதை விஞ்ச ஆள் இல்லாமல் பல பத்தாண்டுகள் ஓடியது. நுரையீரலின் உள்ளே இருப்பதும் ஈரம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏட்டுப் பயம் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஒரு சுரங்கப்பாதையில் குவித்து வைத்திருந்த புகை உற்பத்திக் கலங்கள் குண்டுவீச்சில் பற்றிக்கொண்டன. உள்ளே இருந்தவர்களில் 70 பேர் பாதிக்கப்பட்டார்கள், 10 பேர் இறந்தார்கள். 1945-ல் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது. அதற்குப் பிறகும் ராணுவப் பயிற்சிகளில், மூடிய இடத்தில் ஹெச்.சி. புகையில் சிக்கியவர்களுக்கு நுரையீரல் கடுமையாகக் கெட்டு உயிரிழப்பு வரை போனதாக மருத்துவ இலக்கியத்தில் பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தவுடன் ஆள் இருமுவார், கண்ணைத் துடைத்துக்கொள்வார், 'ஒண்ணும் இல்லை சார்' என்பார். மூச்சுத் திணறல் மணிக்கணக்கில், சிலருக்கு நாள்கணக்கில் கழித்துத்தான் முற்றும். ஆகவே அந்தப் புகையைக் கணிசமாகச் சுவாசித்த யாரையும், அவர் நன்றாகத் தெரிந்தாலும், மருத்துவக் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

எனவே உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு விடை: ஹெச்.சி. கேனை எந்த ஒத்திகையிலும் தீர்க்காதீர்கள். கட்டடத்துக்குள் என்ற பேச்சே வேண்டாம். திறந்த வெளியில் கொளுத்தினால் காற்று பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்கள் உண்டு. திடீரென்று காற்று திரும்பி வரிசையாக நிற்கும் பயிற்சியாளர்கள் முகத்தில் மேகம் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்க ராணுவமே பயிற்சிக்கு ஏஎன்-எம்8 என்ற ஹெச்.சி. குண்டை ஒதுக்கிவிட்டு எம்83 என்ற மாற்றுக்குப் போனது.

அந்த மாற்றில் இருப்பது டெரிஃப்தாலிக் அமிலம். பெயர் பயமுறுத்தினாலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் செய்ய உதவும் மூலப்பொருள்தான். பாச்சை உருண்டை எப்படித் திடத்திலிருந்து நேராக ஆவியாகிறதோ, அதே மாதிரி இதுவும் வெப்பத்தில் ஆவியாகி, வெளிக்காற்றுப் பட்டதும் மறுபடி நுண்துகளாக உறைந்து வெள்ளைப் புகையாகத் தெரிகிறது. வண்ணப் புகைகளும் இதே வழிதான், அமிலத்துக்குப் பதில் சாயம். உங்களிடம் 'பயிற்சிக்கு' என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும். 'பெரும்பாலும்' என்று வேண்டுமென்றே சொல்கிறேன். 'பயிற்சிப் புகை' என்பது விற்பனைப் பெயர்தானே தவிர வேதிப்பெயர் இல்லை. தயாரிப்பாளரிடம் பாதுகாப்புத் தரவுத்தாள் கேட்டு வாங்கி, உள்ளே என்ன, வெளியே வருவது என்ன என்ற இரண்டையும் படித்த பிறகே கேனைத் தொடுங்கள். தரவுத்தாள் பல சமயம் உள்ளே இருக்கும் பொருளைத்தான் சொல்லும். எரிந்து வருவதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரிதான் உங்களுக்கு வேண்டியது.

டெரிஃப்தாலிக் அமிலப் புகை ஹெச்.சி.யைவிட நச்சு குறைந்தது, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதே சமயம் அது ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாததால் மறைக்கும் திறனும் குறைவு. எம்83 எரிவதும் 25 முதல் 70 வினாடி வரைதான், பழைய ஏஎன்-எம்8 இரண்டு நிமிடத்துக்கு அருகே ஓடும். 'புதுசு சரியில்லை, பழசுதான் புகை' என்று மூத்த பயிற்றுநர்கள் முணுமுணுப்பதன் காரணம் இது. அவர்கள் சொல்வது உண்மை, ஆனால் அது பழையதைக் கொளுத்துவதற்குக் காரணம் ஆகாது. சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி வேறு: ஆண்டுக்கு நூறு முறை இந்த 'நச்சு குறைந்த' புகையில் நிற்கும் பயிற்றுநருக்கு இருபது ஆண்டில் என்ன ஆகும் என்பது. ஒரு வாரம் வந்து போகும் பயிற்சியாளரைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அதிகம் சுவாசிப்பவர் விசிலோடு ஓரமாக நிற்கும் நீங்கள்தான். அதனால் நான் எப்போதும் வடிகட்டி பொருத்திய முகக்கவசத்தோடு காற்று வரும் பக்கமாகத்தான் நிற்பேன். கேலி செய்தார்கள், செய்துகொள்ளட்டும்.

அடுத்தது வெப்பம். புகை என்றதும் எல்லோருக்கும் மேகம்தான் நினைவுக்கு வருகிறது, கேன் நினைவுக்கு வருவதில்லை. ஒரு கேனை வெற்றுத் தரையில் வைத்து எட்ட நின்று பாருங்கள். பாதுகாப்பு பின்னை இழுத்துவிட்டால் லிவர் 'டிக்' என்று தெறிக்கும். இரண்டு வினாடிக்குள் சீறல் கேட்கும். முதலில் மெல்லிய சாம்பல் இழை, அப்புறம் துளைகள் வழியாக வெள்ளைத் தூண். கொஞ்ச நேரத்தில் கேனின் மேல்பூச்சு கொப்பளித்து உரியும், சில சமயம் துளையோரம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நாக்கு எட்டிப் பார்க்கும். எல்லாம் அடங்கிய பிறகு கேனைத் தூக்கினால் கீழே கருகிய வட்டம். புகை நின்றுவிட்டது என்று கையால் எடுத்து உள்ளங்கை வெந்தவர்கள் உண்டு; தடித்த தோல் கையுறை, நீண்ட இடுக்கி, தண்ணீர் வாளி மூன்றும் பக்கத்தில் இல்லாமல் நான் ஒத்திகையைத் தொடங்க விட்டதில்லை.

இந்தச் சூடு என்ன செய்யும் என்பதற்குப் பெரிய சாட்சி, 2020 செப்டம்பர் 5 அன்று கலிபோர்னியாவில் தொடங்கிய எல் டொராடோ காட்டுத்தீ. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று வண்ணப் புகையால் அறிவிப்பதற்காக ஒரு குடும்பம் கொளுத்திய புகைக்கருவிதான் காரணம். காய்ந்த புல்லில் பற்றி 22,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது, ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். அது ஆயுதம்கூட இல்லை, கொண்டாட்டப் பொருள். காவல் பணியில் இதே கவலை 1993-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஒரு மதக்குழு தங்கியிருந்த கட்டடத்தைச் சுற்றி வளைத்த வேக்கோ முற்றுகையில் பெரிய சர்ச்சையானது. முற்றுகையின் கடைசி நாளான ஏப்ரல் 19 காலையில் எரியும் வகைக் கண்ணீர்ப்புகை ஷெல்கள் சுடப்பட்டதை எஃப்.பி.ஐ. 1999-ல்தான் ஒப்புக்கொண்டது. 2000-ல் வெளியான, சிறப்பு விசாரணையாளர் டான்ஃபோர்த்தின் அறிக்கை, அன்று கட்டடத்தை அழித்த தீ அந்த ஷெல்களால் வரவில்லை என்று முடிவு செய்தது. ஷெல் தீ வைத்ததா என்ற கேள்விக்கு அறிக்கை விடை தந்துவிட்டது. ஆனால் எந்த வகை ஷெல் எப்போது சுடப்பட்டது என்பதைப் பதிவு செய்து உடனே சொல்லாவிட்டால் ஆறு ஆண்டு கழித்தும் அது துரத்தும் என்பதும் அங்கேயே தெரிந்தது. ஒத்திகையாக இருந்தாலும் கேனின் வகை, லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), நேரம், இடம் நான்கையும் எழுதி வையுங்கள்.

கட்டடத்துக்குள் என்ற இரண்டாம் பாதிக்கு வருகிறேன். இதில் என் அனுபவம் ஒன்று. தொடக்க காலத்தில், இடிக்கப்போகும் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் அறை சோதனைப் பயிற்சி. கீழ்த்தளத்தில் ஒரே ஒரு பயிற்சிக் கேன், அதுவும் நச்சு குறைந்த வகை. ஜன்னல் எல்லாம் திறந்திருக்கிறது என்று நானே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். நான் யோசிக்காதது மாடிப்படியை. சூடான புகை மேலே போகும், படிக்கூடு புகைபோக்கி மாதிரி இழுக்கும். கீழ்த்தளத்தில் புகை இரண்டு நிமிடத்தில் விலகிவிட்டது. மூன்றாம் மாடிக்கு முன்பே போயிருந்த இரண்டு பேர் இறங்க வேண்டிய ஒரே வழியில் புகை நிரம்பி நின்றது. ஒருவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சுவரைத் தடவித் தடவி மேலே போனபோது அவர் காலணிதான் முதலில் என் கையில் பட்டது. இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஓரிரவு மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். தவறு முழுக்க என்னுடையது. வெளியேறும் வழியும் புகை போகும் வழியும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதை எந்தக் கையேட்டிலும் படித்து நான் கற்கவில்லை.

முகக்கவசம் போட்டால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். காவல்துறையில் கொடுக்கும் கவசம் காற்றை வடிகட்டும், காற்றைத் தயாரிக்காது. கார்பன் உள்ள பொருள் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கொஞ்சமாவது வரும். கண்ணீர்ப்புகைக்கான வடிகட்டி அதைத் தடுக்காது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் வடிகட்டிக் கவசத்தை நம்பக் கூடாது என்பது தொழிற்பாதுகாப்பு விதி. சிறிய அறையில் மேகம் எவ்வளவு அடர்த்தி என்பதைக் கண்ணால் சொல்லலாம், ஆக்சிஜனும் மோனாக்சைடும் எவ்வளவு என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அளவுக்கருவி வேண்டும்.

அதனால் உள்ளரங்கப் பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது ஒன்றே ஒன்று: மேடை நிகழ்ச்சிகளில் பயன்படுத்தும் புகை இயந்திரம். கிளைகால் கலந்த தண்ணீரைச் சூடாக்கி மூடுபனியாக விடும் பெட்டி. தீ கிடையாது, வேண்டும்போது நிறுத்தலாம், அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கலாம். கேனில் இந்த மூன்றும் முடியாது. ஒருமுறை பின்னை இழுத்தால் அது முடிகிற வரை நீங்கள் பார்வையாளர்தான். இயந்திரத்திலும் குறைகள் உண்டு. தரையில் வழுவழுப்பு படியும், தீ எச்சரிக்கை மணி அலறும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது, தயாரிப்பாளர் சொன்ன திரவத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. ஆனால் பார்வை மறைந்த நிலையில் சுவரைப் பிடித்து நகர்வது, குரலால் ஒருவரையொருவர் தேடுவது, பதறாமல் இருப்பது என்று நீங்கள் கற்றுக்கொடுக்க நினைக்கும் எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும்.

திறந்தவெளி மறைப்புப் பயிற்சி வேறு கதை, அங்கே கேன்தான் வேண்டும். அதில் பாதி வேலை வானிலை. அதிகாலையிலும் சூரியன் மறைந்த பிறகும் தரையோரக் காற்று குளிர்ந்து கனமாக இருக்கும், புகை தாழ்வாகப் பாய் விரித்தது போல் படரும். நண்பகலில் தரை சுட்டு காற்று மேலெழும்பும்போது அதே கேன் தூணாக மேலே போய்விடும், திரை என்று ஒன்றும் மிஞ்சாது. பட்டியல்களில் அச்சிடும் எரியும் நேரத்தை மறைக்கும் நேரம் என்று படித்துவிடாதீர்கள். அமெரிக்க எம்18 வண்ணக் குண்டு 50 முதல் 90 வினாடி எரியும். காற்று பலமாக அடித்தால் அது எரிந்துகொண்டிருக்கும்போதே உங்கள் ஆள் வெட்டவெளியில் நிற்பார்.

அப்புறம், பயிற்சியாளர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது: மறைவு வேறு, காப்பு வேறு. புகை பார்வையை மறைக்கும், குண்டை நிறுத்தாது. அது இரு பக்கத்தையும் குருடாக்கும். சாதாரணப் புகை, உடல் வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் கேமராவையும் ஏமாற்றாது. அந்தக் கேமரா பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான் நீளமுள்ள வெப்ப அலைகளை, அவற்றுக்கு ஒரு மைக்ரான் துகள் ஒரு பொருட்டே இல்லை. காயம்பட்டவரை இழுத்து வரப் புகை போடும் ஒத்திகையில், எதிர்ப்பக்கம் நிற்பவர் கையில் ஒரு தெர்மல் கருவியைக் கொடுத்துப் பதிவு செய்து மாலையில் போட்டுக் காட்டுங்கள். வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அந்த இரண்டு நிமிடப் படம் வேலை செய்யும்.

சேமிப்பறையில் ஒரு எச்சரிக்கை. வெறும் புகையும் சி.எஸ். கண்ணீர்ப்புகையும் வெளியே வரும்போது பார்க்க ஒரே வெள்ளை. கேன்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அமெரிக்க ராணுவக் குண்டுகளில் புகைக்கு இளம்பச்சை உடல், சி.எஸ்.ஸுக்குச் சாம்பல் உடலில் சிவப்புப் பட்டை என்று முறை உண்டு. ஆனால் காவல்துறைக்கு விற்கும் தயாரிப்பாளர்கள் எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே நிறவிதி உலகில் இல்லை. நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள், இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். சட்டத்திலும் இவை வேறு வேறு. 1997-ல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம், கண்ணீர்ப்புகை போன்றவற்றைப் போரில் தடுத்து, உள்நாட்டுக் கலவரக் கட்டுப்பாட்டில் அனுமதிக்கிறது. வெறும் மறைப்புப் புகை அந்த வகைக்குள் வராது. ஆனால் மூடிய இடத்தில் மனிதர்கள் மேல் அதைப் போட்டுவிட்டு 'இது வெறும் புகைதானே' என்று சொல்லித் தப்ப முடியாது.

கடைசியாக உங்கள் பழைய கேன்கள். குழி வெட்டிப் புதைப்பது, ஒன்றாகக் குவித்துக் கொளுத்துவது, தண்ணீரில் ஊறப்போடுவது மூன்றும் கூடாது. புகை வெடிபொருள்கள் போக்குவரத்து விதிகளில் வெடிபொருள் வகுப்பிலேயே வருகின்றன, ஆபத்தான சரக்குகளுக்குக் கொடுக்கும் ஐ.நா. எண் 0303 என்று பெட்டியில் பார்த்திருப்பீர்கள். ஆகவே அவற்றை உங்கள் வண்டியில் ஏற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோவதும் உங்கள் வேலை இல்லை. கேன்களை எண்ணி, லாட் எண்ணோடு பட்டியல் எழுதுங்கள். துருப்பிடித்தவை, உப்பியவை, பாதுகாப்பு பின் தளர்ந்தவை இருந்தால் கையால் நகர்த்தாமல் அந்த அறையைப் பூட்டுங்கள். பட்டியலை மேலதிகாரி வழியாக வெடிபொருள் அகற்றும் பிரிவுக்கு எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்துப்போக மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். அதுவரை கதவில், உள்ளே இருப்பது ஹெச்.சி., பயிற்சிக்கு எடுக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். நீங்கள் மாறுதலாகிப் போன பிறகு வருபவருக்கு அது தெரிய வேண்டுமே.